மனை ஆண்டவர்கள் – 11: விற்கத் தெரிந்த வாரிசு

சென்ற வாரம் கர்னல் ஜான் ஜேக்கப் ஆஸ்டரை நடுக்கடலில் விட்டுவிட்டு வந்தோம். கர்ப்பிணி மனைவி மேடலினைப் படகில் ஏற்றிவிட்டு டைட்டானிக் தளத்தில் ஒதுங்கி நின்றவர், ஒரு வாரம் கழித்து 'மெக்கே-பென்னட்' என்ற கப்பல்காரர்கள் கையில் பிணமாகக் கிடைத்தார். சட்டைக் கழுத்துப்பட்டியில் ஜே.ஜே.ஏ. என்று எழுத்துத் தைத்திருந்ததால் ஆள் யாரென்று தெரிந்தது. கிடைத்த உடல்களுக்கெல்லாம் வரிசையாக எண் போட்டுக்கொண்டே வந்தார்கள். நியூயார்க்கில் பாதித் தெருக்களின் மண்ணுக்குச் சொந்தக்காரர் அந்தப் பட்டியலில் 124ஆம் எண்.

பையில் ஒரு தங்கக் கடிகாரம் இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறிப்போன அந்தக் கடிகாரத்தை மகன் வாங்கிப் பழுதுபார்த்துப் பல ஆண்டுகள் தானே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு 1935இல் அப்பாவின் செயலாளர் வீட்டுக் குழந்தைக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். அது 2024 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்து, கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 11 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டுக்குப் போயிற்று. கடிகாரத்தை இனாமாகக் கொடுத்த அந்த மகன்தான் இந்த வாரத்து நாயகர். வில்லியம் வின்சென்ட் ஆஸ்டர். வீட்டிலும் வெளியிலும் வெறும் வின்சென்ட்.

1912 ஏப்ரலில் வின்சென்டுக்கு 20 வயது. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தார். செய்தி வந்த நாளில் பிராட்வேயில் இருந்த ஒயிட் ஸ்டார் கப்பல் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினார். அப்பா பிழைத்தாரா என்ற ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பணம் வேண்டுமானாலும் தருகிறேன் என்று கெஞ்சியதாகவும், அழுதுகொண்டே வெளியே வந்ததாகவும் அன்றைய பத்திரிகைகள் எழுதின. சில நாட்களில் விபத்தைப் பற்றி அமெரிக்க செனட்டின் விசாரணை தொடங்கியது. எங்கே தெரியுமா? வால்டார்ஃப்-அஸ்டோரியா ஓட்டலில். அதில் 'அஸ்டோரியா' பாதி, செத்துப்போன கர்னல் கட்டியது.

படிப்பு அதோடு நின்றது. நவம்பரில் 21 வயது முடிந்ததும் சொத்து கைக்கு வந்தது: சுமார் 6 கோடியே 90 லட்சம் டாலர். தங்கை ஆலிஸுக்கு 50 லட்சம் டாலர் அறக்கட்டளையாக ஒதுக்கியிருந்தார்கள். ஆகஸ்டில் மேடலினுக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு 30 லட்சம். அப்பா முகம் பார்க்காத அந்தக் குழந்தைக்கும் ஜான் ஜேக்கப் என்றே பெயர் வைத்தார்கள். மூத்தாள் மகனுக்கு மலையளவு, இளையாள் மகனுக்கு மடியளவு. இந்தக் கணக்கு 47 வருஷம் கழித்து நீதிமன்றத்துக்கு வரும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

கைக்கு வந்த சொத்து எப்படிப்பட்டது என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தத் தொடரின் முதல் சில வாரங்களைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஆஸ்டர்கள் வீடு கட்டி விற்றவர்கள் அல்லர். கட்டடமே வேண்டாம், மண் போதும் என்றிருந்தவர்கள். ஜெர்மனியின் வால்டார்ஃப் என்ற ஊரிலிருந்து வந்த கசாப்புக்கடைக்காரர் மகன், முதல் ஜான் ஜேக்கப், மென்மயிர்த் தோல் வியாபாரத்தில் ஈட்டிய பணத்தை மன்ஹாட்டன் தீவின் வயல்வெளிகளில் போட்டார். ஊர் வளர்ந்து வயலை எட்டியதும் மனையாகப் பிரித்து 21 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். நம் பக்கத்தில் கோயில் நிலத்தில் வீடு கட்டியிருப்பவர்கள் 'அடிமனை' என்று ஒரு சொல் சொல்வார்களே, அதேதான். மண் ஒருவருடையது, மேலே நிற்பது இன்னொருவருடையது. குத்தகைக்காரர் கட்டடம் எழுப்பி, உள்ளே எத்தனை குடித்தனங்களைத் திணிக்க முடியுமோ அத்தனையையும் திணித்து, குத்தகைக் காலம் முடிவதற்குள் போட்ட பணத்தை எடுத்துவிடப் பார்ப்பார். 21 வருஷத்தில் கைவிட்டுப் போகப்போகிற கட்டடத்துக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்?

இப்படித்தான் கீழைப் பகுதியின் ஒண்டுக்குடித்தனங்கள் முளைத்தன. ஒண்டுக்குடித்தனம் என்றால் என்னவென்று திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நியூயார்க்கில் அது மேல்நோக்கி அடுக்கிய ஒண்டுக்குடித்தனம். ஐந்து, ஆறு மாடி. தெருவைப் பார்த்த அறைக்கும் கொல்லையைப் பார்த்த அறைக்கும் நடுவே சன்னலே இல்லாத இருட்டறைகள். கொல்லையில் வரிசையாகக் கக்கூசு. 1901இல் சட்டம் வந்த பிறகுதான் புதிதாகக் கட்டுவதில் வெளிச்சமும் காற்றும் வந்தன. பழையவை பெரும்பாலும் பழையபடியே நின்றன. குடியிருந்தவர்கள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஏழைகள். வாடகை வாங்க வந்தவன் ஆஸ்டர் வீட்டு ஆளில்லை, குத்தகைக்காரனின் ஆள். வாடகையில் ஒரு பங்கு மாத்திரம் மேலே ஏறி ஏறி, கடைசியில் ஆஸ்டர் எஸ்டேட் அலுவலகத்தின் பேரேட்டில் போய் உட்கார்ந்தது. ஆஸ்டர்களுக்குக் கை அழுக்காகவில்லை. மூன்று தலைமுறை இதைப் பெருமையாகவே நினைத்தது.

நான்காம் தலைமுறைத் தலைவரான கர்னல் ஓட்டல்கள் கட்டினார், நாவல் எழுதினார், இயந்திரங்கள் கண்டுபிடித்தார். சேரிகளைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்தவர் வின்சென்ட்.

அதற்காக அவரைக் கருணாமூர்த்தியாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆறடியைத் தாண்டிய உயரம், ஒல்லி, கூச்ச சுபாவம். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாத வீட்டில் வளர்ந்த பிள்ளை. சின்ன வயதிலிருந்தே பிடித்தது இயந்திரம் ஒன்றுதான். கார், படகு எஞ்சின், ரயில். பிற்காலத்தில் பெர்முடாவில் வாங்கிய தோட்டத்தில் தனக்கென்று ஒரு குட்டி ரயில் பாதையே போட்டுக்கொண்டார். நண்பர்களை வைத்து விளையாட்டுக் காட்டுவதிலும் பிரியம். அந்த விளையாட்டுகளில் சில, மாட்டிக்கொண்டவருக்குச் சிரிப்பு வராத ரகம். 1914இல் முதல் கல்யாணம் நடந்த சமயத்தில் புட்டாளம்மை. அதனால்தான் பிள்ளைப் பேறு இல்லாமல் போனது என்பார்கள். மூன்று கல்யாணம் செய்தும் வாரிசு இல்லை. 'எனக்குப் பிறகு யாருக்கு?' என்ற கேள்வி இல்லாத பணக்காரர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அவர் பின்னால் செய்த பலவும் விளங்கும்.

முதல் பொதுத்தொண்டு ஒரு சந்தை. 1915இல் பிராட்வேயும் 95ஆம் தெருவும் சந்திக்கும் முனையில், சொந்த மனையில், சுமார் ஏழரை லட்சம் டாலர் செலவில் 'ஆஸ்டர் மார்க்கெட்' திறந்தார். காய்கறி, மீன், இறைச்சி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழே கொண்டுவந்து, இடைத்தரகு குறைந்தால் விலை குறையும் என்பது எண்ணம். உணவு விலை ஏறிக்கொண்டே போன நேரம் அது. வெளிச்சுவரின் மேலே சுற்றிலும் சித்திர வரிசை. கூடை தூக்கிக்கொண்டு கூட்டம் அலைமோதும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டு வருஷம் தாங்கவில்லை. 1917இல் விற்றுவிட்டார். வாங்கியவர் அதைப் பனிச்சறுக்கு மைதானம் ஆக்கினார். பிறகு சினிமாக் கொட்டகை. 1978 முதல் 'சிம்பனி ஸ்பேஸ்' என்ற கலையரங்கம் அங்கே நடக்கிறது. மலிவு விலைக் கத்தரிக்காய்க்காகக் கட்டிய கூடத்தில் இன்று கதை வாசிக்கிறார்கள்.

இளைஞருக்கு இதில் ஒரு பாடம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். மனைக்காரர் வியாபாரி ஆவது கடினம். மனைக்காரர் மனையை விடுவது எளிது.

அதே 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. தன் உல்லாசக் கப்பல் 'நோமா'வைக் கடற்படைக்குக் கொடுத்துவிட்டு வின்சென்டும் சீருடை போட்டுக்கொண்டு பிரெஞ்சுக் கரைக்குப் போனார். ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்துப் பணி. திரும்பி வந்தவருக்குக் கடற்படைப் பித்து கடைசிவரை தெளியவில்லை.

இருபதுகளில் விற்பனை தொடங்கியது. ஆஸ்டர் குடும்ப வரலாற்றில் 'விற்பது' என்ற வினைச்சொல் அரிது. வாங்குவதும் குத்தகைக்கு விடுவதும்தான் பரம்பரைத் தொழில். முதல் ஜான் ஜேக்கப் சாகும் தறுவாயில், மறுபடி பிறந்தால் மன்ஹாட்டனில் ஓர் அடி விடாமல் வாங்குவேன் என்றாராம் என்று ஒரு கதையே உண்டு. அந்த வம்சத்தில் வந்த வின்சென்ட் பழைய மனைகளைக் கொத்துக் கொத்தாகக் கைமாற்றினார். சென்ட் ரீஜிஸ் ஓட்டலைக்கூட விற்றார். வாங்கியவர்கள் பொருளாதார வீழ்ச்சியில் தவணை கட்ட முடியாமல் போக, 1935இல் ஓட்டல் தானே அவரிடம் திரும்பி வந்தது. ஒரு ஆஸ்டர் விற்ற சொத்தும் ஆஸ்டரையே தேடி வரும் போலிருக்கிறது.

இங்கே ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நுழைகிறார். உறவு முறை கொஞ்சம் சுற்றுவழி. ரூஸ்வெல்ட்டின் அப்பாவுக்கு மூத்த தாரத்தில் பிறந்தவர் ஜேம்ஸ். அவர் கட்டிக்கொண்டது வின்சென்டின் அத்தையை. ஆக, அத்தை வீட்டுக்காரரின் தம்பி. ஹட்சன் நதிக்கரையில் வின்சென்டின் ஃபெர்ன்கிளிஃப் தோட்டம். அதே கரையில், கொஞ்சம் தெற்கே, ரூஸ்வெல்ட்டின் ஹைட் பார்க். 1921இல் இளம்பிள்ளை வாதம் தாக்கி ரூஸ்வெல்ட்டின் கால்கள் விழுந்துவிட்டன. அப்போது ஃபெர்ன்கிளிஃபில் இருந்த வெந்நீர் நீச்சல் குளத்தில்தான் கால்களைத் தண்ணீரில் அசைத்துப் பழகினார். பரோபகாரம் என்று எந்த ஏட்டிலும் ஏறாத உதவி இது. பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்வதைப் போல.

1933 பிப்ரவரி. ரூஸ்வெல்ட் ஜனாதிபதித் தேர்தலில் வென்றாயிற்று, பதவி ஏற்க இன்னும் சில வாரம். ஓய்வுக்கு மீன் பிடிக்கப் போகலாம் என்று வின்சென்ட் தன் கப்பலில் அழைத்துப் போனார். அந்தக் கப்பலின் பெயர் 'நூர்மஹால்'. ஆம், ஜஹாங்கீர் பாதுஷா மெஹருன்னிசாவுக்கு முதலில் வைத்த அதே பட்டப்பெயர். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் நூர்ஜஹான் ஆனார். ஆஸ்டர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே கப்பல்களுக்கு இந்தப் பெயர் வைக்கும் வழக்கம். வின்சென்டின் நூர்மஹால் 1928இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கட்டியது. நீளம் 260 அடிக்கு மேல். 1930இல் விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு காலபகோஸ் தீவுகளுக்குப் போய், நியூயார்க் மீன்காட்சியகத்துக்கு ஆமைகளும் பென்குவின்களும் பிடித்து வந்த கப்பல்.

பிப்ரவரி 15 இரவு மயாமியில் இறங்கினார்கள். கடலோரப் பூங்காவில் கூட்டம். திறந்த காரின் பின்னிருக்கை முதுகில் ஏறி உட்கார்ந்து, ரூஸ்வெல்ட் மீன் பிடித்த கதையை இரண்டு நிமிஷம் பேசினார். வின்சென்ட் பின்னால் வந்த காரில். பக்கத்தில் ரூஸ்வெல்ட்டின் ஆலோசகர் ரேமண்ட் மோலி. இந்தக் கூட்டத்தில் யாராவது சுட்டால் என்ன ஆகும் என்று வின்சென்ட் கவலைப்பட்டுக்கொண்டே வந்ததாக மோலி பிறகு எழுதினார். பேச்சு முடிந்து ரூஸ்வெல்ட் இருக்கையில் சறுக்கி உட்கார்ந்த சற்றைக்கெல்லாம் வெடிச்சத்தம். ஜூசெப்பே சங்காரா என்ற குள்ளமான கொத்தனார், எட்டாமல் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று சுட்டான். ஐந்து பேர் மீது குண்டு பாய்ந்தது. ரூஸ்வெல்ட் மேல் ஒன்றும் படவில்லை. சிகாகோ மேயர் ஆண்டன் செர்மாக் மேல் ஒன்று பாய்ந்தது. அவரைத் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ரூஸ்வெல்ட் ஆஸ்பத்திரிக்குப் போனார். செர்மாக் மார்ச் 6 அன்று இறந்துபோனார். துப்பாக்கிச் சூடு நடந்த அன்றிரவு அமெரிக்காவின் அடுத்த ஜனாதிபதி தூங்கியது ஓட்டலில் இல்லை, நூர்மஹாலில்.

இனி விஷயத்துக்கு வருவோம். வின்சென்டின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது கப்பலும் இல்லை, ஜனாதிபதி சிநேகமும் இல்லை. அவென்யூ ஏவும் கிழக்கு 3ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த ஒரு வரிசை ஒண்டுக்குடித்தனங்கள்.

1934 ஜனவரியில் ஃபியோரெல்லோ லா குவார்டியா நியூயார்க் மேயர் ஆனார். அடுத்த மாதமே நகர வீட்டுவசதி ஆணையம் பிறந்தது. ஆணையம் இருந்தது, அதிகாரம் இருந்தது, கையில் காசு இல்லை. ஏழைகளுக்கு வீடு கட்ட முதலில் மனை வேண்டும். மனை யாரிடம் இருக்கிறது? ஆஸ்டரிடம். வின்சென்ட் அந்த மூலையில் தன்னிடமிருந்த கட்டடங்களை, அரசு மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதையும் ரொக்கமாகக் கேட்கவில்லை. ஆணையத்தின் கடன் பத்திரங்களை வாங்கிக்கொண்டு கிரயம் செய்தார். நேற்று முளைத்த ஆணையத்தின் பத்திரத்தை அன்றைக்கு நம்பி வாங்கக்கூடியவர் எத்தனை பேர்?

இதைத் தானம் என்று எழுதுபவர்கள் உண்டு. தானமில்லை, விற்பனைதான். பழைய கட்டடம், 1929க்குப் பிறகு விழுந்த விலை, வரி மட்டும் வருஷா வருஷம். தலைவலியைக் கழற்றிவிட்டார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அதே தலைவலி இருந்த மற்ற மனைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதே வரிசையின் நடுவே இரண்டு கட்டடங்கள் ஆண்ட்ரூ முல்லர் என்பவருக்குச் சொந்தம். அவர் கொடுக்க மறுத்தார். ஆணையம் கட்டாயமாகக் கையகப்படுத்தப் பார்க்க, வழக்கு நடந்தது. ஏழைகளுக்கு வீடு கட்டுவது பொதுப் பயன் ஆகுமா, இல்லை ஒருவர் சொத்தைப் பிடுங்கி வேறு சிலருக்குக் கொடுப்பதா என்பது கேள்வி. 1936இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சேரியை அகற்றுவது பொதுக் காரியம்தான். பிற்காலத்தில் அந்த மாநிலத்தில் சேரி அகற்றிக் கட்டிய அத்தனை அரசுக் குடியிருப்புகளுக்கும் கால் ஊன்ற இடம் கொடுத்தது இந்தத் தீர்ப்பு. முல்லர் மறுத்திராவிட்டால் அந்தத் தீர்ப்பே வந்திருக்காது. கொடுத்தவரைப் போலவே மறுத்தவரும் ஊருக்கு உதவியிருக்கிறார், அவருக்குத் தெரியாமலே.

கட்டுமானத்தின் கதை தனி. மூன்று கட்டடத்துக்கு ஒன்றை இடித்துவிட்டு மற்ற இரண்டையும் சீர்செய்வது என்பது திட்டம். இடித்த இடத்தின் வழியே இரு பக்கமும் வெளிச்சமும் காற்றும் வரும். கடப்பாரையை வைத்ததும் தெரிந்தது, மிச்சம் வைக்க நினைத்த சுவர்களும் நிற்கிற நிலையில் இல்லை. கடைசியில் ஏறக்குறைய முழுவதையும் புதிதாகவே எழுப்ப வேண்டியதாயிற்று. வேலை செய்தவர்கள் நிவாரணப் பட்டியலில் இருந்த வேலையில்லாதோர். பின்னால் மரங்கள் நட்ட ஒரு நீள முற்றம். பிள்ளைகள் ஏறி விளையாட விலங்குச் சிலைகள். வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய், உள்ளேயே குளியலறை, குளிர்காலத்துக்கு நீராவி வெப்பம், சமையலறையில் மின்சாரக் குளிர்பெட்டி. ஓர் அறைக்கு மாத வாடகை சுமார் 6 டாலர்.

1935 டிசம்பர் 3 அன்று திறப்பு விழா. லா குவார்டியா வந்தார், ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் வந்தார். நகரத்தின் முதல் அரசுக் குடியிருப்பு என்பதால் பெயரும் 'ஃபர்ஸ்ட் ஹவுசஸ்'. 120க்குச் சற்று அதிகமான குடும்பங்கள் குடியேறின. தலைமுறைகளாக அந்த மண்ணில் வாடகை எண்ணிய குடும்பத்தின் பெயர் அந்தக் கணக்கிலிருந்து அதோடு நீங்கியது.

இதற்குப் பிந்தைய வின்சென்ட் எனக்கு அவ்வளவு பிடித்தமானவர் அல்லர். ஒற்றராக ஆசைப்பட்டார். 1927லேயே நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கிழக்கு 62ஆம் தெருவில் ஒரு வாடகை வீட்டில் 'தி ரூம்' என்ற பெயரில் ரகசியக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். வங்கியாளர் வின்த்ராப் ஆல்ட்ரிச், முன்னாள் ஜனாதிபதி மகன் கெர்மிட் ரூஸ்வெல்ட், பதிப்பாளர் நெல்சன் டபுள்டே என்று எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள். வெளிநாட்டுப் பயணத்தில் பார்த்ததையும் கேட்டதையும் அங்கே வந்து பரிமாறிக்கொள்வார்கள். சிறு பிள்ளைகள் மாடியறையில் துப்பறியும் சங்கம் வைப்பதைப் போலத்தான் தொடங்கியது. ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனதும் அந்தச் சங்கத்துக்கு நேயர் கிடைத்துவிட்டார்.

1938இல் விஞ்ஞானப் பயணம் என்ற பெயரில் நூர்மஹாலைப் பசிபிக்கில் மார்ஷல் தீவுகளின் பக்கம் ஓட்டிப்போய், ஜப்பானியர் அங்கே என்ன கட்டுகிறார்கள் என்று வேவு பார்த்து ஜனாதிபதிக்கு எழுதினார். வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியில் அவர் ஓர் இயக்குநர். போர் நெருங்கிய நாட்களில் அங்கே வரும் வெளிநாட்டுத் தந்திகள் அவர் மூலமாக அரசின் பார்வைக்குப் போயின. ஆல்ட்ரிச்சின் வங்கிக் கணக்குகளும் அப்படியே. ஊரார் தந்தியைப் பிரித்துப் படிப்பது அந்நாட்டுச் சட்டப்படியும் குற்றம். தேசபக்தி என்று பேர் வைத்துக்கொண்டார்கள். 1941 மார்ச்சில் ரூஸ்வெல்ட் அவரை நியூயார்க் வட்டாரத்தின் உளவு ஒருங்கிணைப்பாளராகவே நியமித்தார். எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்கு இது பிடிக்கவில்லை. சில மாதங்களில் வில்லியம் டோனவன் தலைமையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் உளவு அமைப்பு எழுந்தது. பொழுதுபோக்கு ஒற்றர்களின் காலம் முடிந்தது. வின்சென்ட் போர் முழுக்கக் கடற்படைச் சீருடையில் இருந்தார். கிழக்குக் கரையின் மீன்பிடிப் படகுக்காரர்களை வைத்து நீர்மூழ்கிகளைக் கண்காணிக்கும் வேலை அவரிடம் வந்தது. ஆசைப்பட்டதைவிடச் சின்ன வேலை, ஆனால் உருப்படியான வேலை. நூர்மஹாலும் 1940லேயே கடலோரக் காவல்படைக்குப் போய்விட்டிருந்தது.

பத்திரிகை முதலாளி வேடமும் போட்டார். 1933இல் ஆவ்ரெல் ஹாரிமனோடு சேர்ந்து 'டுடே' வாரப் பத்திரிகை. ஆசிரியர், மயாமி காரில் பக்கத்தில் இருந்த அதே மோலி. 1937இல் அதைத் தள்ளாடிக்கொண்டிருந்த 'நியூஸ்-வீக்' பத்திரிகையோடு இணைத்தார்கள். ரூஸ்வெல்ட் பணக்காரர் மேல் வரியை ஏற்றியதும் இருவருக்கும் நடுவே சூடு தணிந்தது. பத்திரிகையின் குரலும் மாறியது. கடைசிக் காலத்தில் பார்க் அவென்யூவில் 'ஆஸ்டர் பிளாசா' என்று ஒரு வானுயர்ந்த கட்டடம் எழுப்பக் கிளம்பினார். பணம் திரளாமல் தோண்டிய குழியோடு நின்றது. 1958இல் வங்கிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கட்டடம் வேண்டாம், மண் போதும் என்ற முன்னோர் சொல் கேட்காத குறை.

1959 பிப்ரவரி 3, மாரடைப்பு. வயது 67. உயில் திறந்தபோது சொத்து சுமார் 12 கோடி டாலர். சரிபாதி மூன்றாம் மனைவி ப்ரூக்குக்கு, பெரும்பாலும் அறக்கட்டளையின் வருமானமாக. மறுபாதி, 1948இல் 'மனிதத் துயர் தணிப்பதற்கு' என்று நோக்கம் எழுதித் தொடங்கிய வின்சென்ட் ஆஸ்டர் அறக்கட்டளைக்கு. டைட்டானிக்குக்குப் பிறகு பிறந்த தம்பிக்கு எதுவுமில்லை. தம்பி வழக்குப் போட்டார், அண்ணன் புத்தி சுவாதீனத்தோடு எழுதிய உயில் இல்லை இது என்று. இரண்டரை லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. ஒரே அப்பனுக்குப் பிறந்த பிள்ளை, செத்த அப்பாவின் பெயரையே சுமந்தவர். வின்சென்டின் கணக்கில் நான் மன்னிக்காத வரி இது. நகரத்துச் சேரிவாசிக்கு விட்டுக்கொடுக்கத் தெரிந்தவருக்குத் தம்பியை மட்டும் பார்க்கத் தெரியவில்லை.

1961இல் அறக்கட்டளை தன் கையிலிருந்த நியூஸ்வீக் பங்குகளை வாஷிங்டன் போஸ்ட்டுக்கு விற்றது. அந்தப் பணத்தையும் மிச்சத்தையும் எப்படிச் செலவழிப்பது என்ற முடிவு இப்போது ப்ரூக் கையில். பணம் உரம் மாதிரி, பரப்பினால்தான் பயிருக்காகும் என்று நினைத்த அம்மாள் அவர். 1997இல் அறக்கட்டளையை மூடும்போது ஏறக்குறைய 19 கோடியே 50 லட்சம் டாலர் வெளியே போயிருந்தது. நூலகம், அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா எல்லாம் வாங்கிக்கொண்டன. ஃபர்ஸ்ட் ஹவுசஸிலிருந்து சில தெரு தள்ளி இருக்கும் ஜேக்கப் ரீஸ் குடியிருப்பின் விளையாட்டு முற்றமும், 1966இல், அந்தப் பணத்தில் வந்ததுதான்.

ப்ரூக்கின் கதையை அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் நியூயார்க் போகிற வாசகர்கள் யாராவது இருந்தால், கிழக்கு 3ஆம் தெருவில் இறங்கி அந்த முற்றத்தை ஒருமுறை பாருங்கள். 1974இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. சின்னம் என்பதற்காக ஆளை வெளியேற்றிவிடவில்லை. வாடகைக்குக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

(தொடரும்)